வாசகர் கேட்டவை: சாக மறுக்கும் கலங்களும் ஒரு குளிசையும்

சென்ற இதழில் கீமோ பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான். "புற்றுக் கலத்தைத் தானாகச் சாக வைக்கிற மருந்து வந்துவிட்டதாமே?" சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. வீட்டில் சுகமில்லாதவர்களைப் பற்றிய கேள்விகள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

"அப்பாவுக்கு 76 வயது. ஏ.எம்.எல். என்ற குருதிப் புற்றுநோய். இந்த வயதில் கடும் கீமோவை உடம்பு தாங்காது, வெனெட்டோக்ளக்ஸ் என்ற குளிசையும் ஒரு ஊசியும் தருகிறோம் என்கிறார்கள். கலத்தைச் சாக வைக்கும் மருந்து என்று தாதி ஒருவர் சொன்னார். உண்மையில் வேலை செய்யுமா டொக்டர், அல்லது கைவிட்டுவிட்டதைத்தான் பக்குவமாகச் சொல்கிறார்களா?" – மகள், வெள்ளவத்தை

கைவிடவில்லை தங்கச்சி. அந்த வயதில், அந்த நோய்க்கு, இன்று உலகம் முழுக்க முதலில் கொடுக்கப்படுகிற சிகிச்சைகளில் இது முக்கியமானது.

தாதி சொன்னது சரி, ஆனால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அது சாவதற்கான ஏற்பாடு பிறக்கும்போதே இருக்கிறது. பழுதான கலம், வயதான கலம், இனித் தேவைப்படாத கலம் எல்லாம் அந்த ஏற்பாட்டின்படி சத்தமில்லாமல் அழிந்துபோகும், ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில்கூட ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் கோடிக் கலங்கள் இப்படிப் போகின்றன. அந்த முடிவு நடக்கும் இடம் இழைமணி, கலத்துக்குச் சக்தி செய்து கொடுக்கிற மைற்றோகொண்ட்ரியா. பக்ஸ், பக் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன, அவை தட்டி எழுப்பப்பட்டால் இழைமணியின் வெளிமென்சவ்வில் துளை போடும், அதன் வழியே சைற்றோக்குரோம் சி என்ற பொருள் வெளியே கசியும், அது கஸ்பேஸ் எனப்படும் நொதியங்களை உசுப்பும், அவை கலத்தை உள்ளிருந்தே துண்டு துண்டாக வெட்டிவிடும். இதைத் தடுத்துக்கொண்டு நிற்பவைதான் உயிர்காப்புப் புரதங்கள். அவற்றில் பெயர் பெற்றது பிசிஎல்-2. அதன் மேற்பரப்பில் ஒரு பள்ளம் உண்டு. 'பிம்' போன்ற, சாவுச் சேதி கொண்டுவரும் புரதங்களை அது அந்தப் பள்ளத்தில் பிடித்து அடக்கி வைத்துக்கொள்ளும். வெனெட்டோக்ளக்ஸ் செய்வது இவ்வளவுதான்: அந்தப் பள்ளத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிம் விடுபடுகிறது, பக்ஸும் பக்கும் எழும்புகின்றன, மிச்சம் தானாக நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சரிவான ஒழுங்கையில் நிறுத்தின த்ரீவீலின் சில்லுக்குக் கல் வைத்திருப்பார்கள், அந்தக் கல்லை எடுத்தால் வண்டியை யாரும் தள்ளத் தேவையில்லை. ஆனால் சமதரையில் நிற்கிற வண்டிக்குக் கல்லை எடுத்து என்ன ஆகப்போகிறது? சில புற்றுக் கலங்கள் சரிவில் நிற்பவை. அவற்றுக்குள் ஏற்கனவே சாவுச் சேதி நிறைந்து கிடக்கிறது, பிசிஎல்-2 ஒன்றின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. வெனெட்டோக்ளக்ஸ் அப்படிப்பட்டவற்றைத்தான் வீழ்த்தும். ஆகவே எந்தப் புற்றுநோய் எந்தப் புரதத்தில் சாய்ந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. "புற்றுநோய்க்கு மருந்து" என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

அப்பாவுக்கு வருவோம். அந்த ஊசி அநேகமாக அஸாசிட்டிடின் ஆக இருக்கும். 28 நாள் சுற்று ஒன்றில் 7 நாட்கள் போடுவார்கள். 2020 இல் வெளிவந்த பெரிய பரிசோதனை ஒன்றில், உங்கள் அப்பாவைப் போலக் கடும் கீமோவுக்கு ஏற்காத 431 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு ஊசியை மட்டும், மற்றப் பகுதிக்கு ஊசியோடு வெனெட்டோக்ளக்ஸும் கொடுத்தார்கள். ஊசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 14.7 மாதம். நோய் அடங்கிய நிலைக்கு வந்தவர்கள் 28 வீதத்திலிருந்து 66 வீதமாகக் கூடினார்கள். இந்த எண்களைச் சொல்வதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன், ஏனென்றால் 14.7 மாதம் என்று படிக்கும்போது மனசு கனக்கும். ஆனால் இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள் என்றும் பொருள், அதோடு "பக்குவமாகச் சொல்கிறார்களா" என்று கேட்கிற பிள்ளைக்குப் பூசி மெழுகிப் பதில் சொல்வது மரியாதை இல்லை.

இன்னொன்று. இந்தச் சிகிச்சையில் வெண்குழியங்கள் நன்றாக இறங்கும். அதே பரிசோதனையில், வெண்குழியம் குறைந்த நிலையில் காய்ச்சல் வந்தவர்கள் 42 வீதம். கொழும்பில் காய்ச்சல் என்றால் நாங்கள் முதலில் டெங்கு என்று நினைத்து, இரண்டு பனடோல் போட்டு, மூன்றாம் நாள் இரத்தம் சோதிப்போம் என்று இருப்போம். அப்பாவுக்கு அது சரிவராது. 38 பாகை செல்சியஸ் தொட்டால் அன்றிரவே, அந்த மணியே வைத்தியசாலைக்குப் போங்கள், வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்காமல் "இவர் வெனெட்டோக்ளக்ஸ் எடுக்கிறவர்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

"உயர்தர உயிரியல் படிக்கிறேன் சேர். புற்றுநோய் என்றால் கலம் கட்டுப்பாடில்லாமல் பிரிவது என்றுதான் கொப்பியில் இருக்கிறது. சாவைத் தடுக்கிற புரதம் எப்படிப் புற்றுநோய்க்குக் காரணமாகும்?" – மாணவன், பம்பலப்பிட்டி

நல்ல கேள்வி. உன் கொப்பியில் இருப்பதைத்தான் 1980களின் நடுப்பகுதி வரை விஞ்ஞானிகளும் நம்பினார்கள்.

ஃபொலிக்கியூலர் லிம்ஃபோமா என்றொரு நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறது. அதில் பெரும்பாலானோரின் கலங்களில் 14 ஆம் நிறமூர்த்தமும் 18 ஆம் நிறமூர்த்தமும் உடைந்து துண்டு மாறி ஒட்டியிருக்கும். அந்த ஒட்டில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தவர்கள் 1984, 85 அளவில் ஒரு புதிய பரம்பரையலகைக் கண்டார்கள். அதற்கு வைத்த பெயர்தான் பிசிஎல்-2. இந்த நோய் வருவது பி கலத்தில், அது பிறபொருளெதிரி செய்கிற கலம், ஆகவே 14 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பிறபொருளெதிரிக்கான பரம்பரையலகு அங்கே இரவு பகலாக இயங்கும். அதன் பக்கத்தில் பிசிஎல்-2 வந்து ஒட்டிக்கொண்டதும் அதுவும் சேர்ந்து ஓயாமல் இயங்கத் தொடங்கிவிட்டது. அதுவரை தெரிந்த புற்றுப் பரம்பரையலகுகள் எல்லாம் கலப்பிரிவைத் தூண்டுபவை, ஆகவே இதுவும் அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

1988 இல் மெல்பேர்னில் வோல்டர் அண்ட் எலைசா ஹோல் நிறுவனத்தில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் மூவரும் பிசிஎல்-2 ஐக் கலங்களுக்குள் புகுத்தி, அந்தக் கலங்கள் உயிர்வாழத் தேவையான வளர்ச்சிக் காரணியை நிறுத்திப் பார்த்தார்கள். சாதாரணக் கலங்கள் செத்துவிட்டன. பிசிஎல்-2 உள்ளவை பிரியவும் இல்லை, சாகவும் இல்லை. சும்மா இருந்தன. அந்தச் "சும்மா இருந்தது"தான் கண்டுபிடிப்பு. பிரிவு கூடினாலும் கூட்டம் பெருகும், சாவு குறைந்தாலும் கூட்டம் பெருகும். அதுமட்டும் இல்லை, செத்திருக்க வேண்டிய பழுதான கலம் உயிரோடு நீடித்தால் அதற்குள் மேலும் மேலும் பிழைகள் சேரவும் அவகாசம் கிடைக்கும்.

இதற்குச் சமாந்தரமாக ஒரு புழுக்கதையும் ஓடியது, சோதனையில் வராவிட்டாலும் தெரிந்து வைத்துக்கொள். சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீற்றர் புழு வளரும்போது அதன் உடலில் 1090 கலங்கள் உருவாகின்றன, அவற்றில் சரியாக 131 செத்து 959 மிஞ்சுகின்றன, ஒவ்வொரு புழுவிலும் அதே 131. இந்தச் சாவை நடத்தும் பரம்பரையலகுகளைக் கண்டுபிடித்ததற்கும் அதற்கு வழி திறந்ததற்கும் சிட்னி பிரெனர், ரொபர்ட் ஹோர்விட்ஸ், ஜோன் சல்ஸ்டன் மூவருக்கும் 2002 இல் நோபல் பரிசு கிடைத்தது. புழுவுக்குள் மனித பிசிஎல்-2 ஐ வைத்துப் பார்த்தபோது சாக வேண்டிய புழுக்கலங்கள் சில சாகாமல் நின்றன! புழுவும் நாமும் பிரிந்து எத்தனை கோடி ஆண்டு, ஆனால் இந்த ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை.

சரி, 1988 இல் தெரிந்த விஷயத்துக்கு மருந்து 2016 இல்தான் வந்தது. ஏன் அவ்வளவு காலம்? வழக்கமான மருந்துகள் நொதியத்தின் ஆழமான குழி ஒன்றில் போய் அடைபடும். பிசிஎல்-2 இன் பள்ளமோ நீளம், ஆழமில்லை, அதில் பிடிப்பதும் இன்னொரு புரதம். இரண்டு புரதங்களுக்கு நடுவே ஒரு சின்ன மூலக்கூறைச் செருகிப் பிரிக்க முடியாது என்பது அப்போது எல்லோரும் சொன்ன வார்த்தை. அபொட் நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபெசிக்கின் குழு வேறு வழியில் போனது. பள்ளத்தின் ஒரு மூலையில் லேசாக ஒட்டுகிற மூலக்கூறு ஒன்று, பக்கத்து மூலையில் ஒட்டுகிறது இன்னொன்று, இரண்டையும் காந்த ஒத்திசைவுக் கருவியில் கண்டுபிடித்து ஒன்றாக இணைத்தார்கள். 2005 இல் ஏபிடி-737 வந்தது. அதை விழுங்கக்கூடிய குளிசையாக்க முடியவில்லை, நவிட்டோக்ளக்ஸ் அந்தக் குறையைத் தீர்த்தது, ஆனால் அது இன்னொரு சிக்கலில் மாட்டியது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

"அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. இந்தக் குளிசையை அம்மாவுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? குருதிப் புற்றுநோய்க்காரருக்கு மட்டும் ஏன் இந்த அதிர்ஷ்டம்?" – கொட்டாஞ்சேனை

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் பதில், இப்போதைக்கு வேண்டாம்.

உயிர்காப்புப் புரதம் ஒன்றல்ல, ஒரு குடும்பம். பிசிஎல்-2 இன் சகோதரங்கள் பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 என்று இருக்கின்றன, இன்னும் இரண்டு மூன்று உண்டு. மார்பு, நுரையீரல், குடல் போன்ற இடங்களில் வருகிற கட்டிகள் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் சாய்வதில்லை. பிசிஎல்-2 ஐ அடைத்தால் எம்சிஎல்-1 தாங்கிக்கொள்ளும். "அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நல்ல கலங்கள் குறுக்கே வருகின்றன. மேலே சொன்ன நவிட்டோக்ளக்ஸ் பிசிஎல்-2 ஐயும் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்தே அடைத்தது. குருதிச் சிறுதட்டுகள், அதாவது டெங்கு வாட்டில் எல்லோரும் விசாரிக்கிற அந்த பிளேட்லெட், உயிர்வாழ்வதே பிசிஎல்-எக்ஸ்எல்லின் தயவில். மருந்து போட்டதும் பிளேட்லெட் இறங்கியது. அதனால்தான் பிசிஎல்-எக்ஸ்எல்லைத் தொடாமல் பிசிஎல்-2 ஐ மட்டும் பிடிக்கும்படி மூலக்கூறைத் திருத்தி வெனெட்டோக்ளக்ஸைச் செய்தார்கள். எம்சிஎல்-1 ஐ அடைக்கும் மருந்துகளும் பரிசோதனைக்கு வந்தன. இதயத் தசைக்கு எம்சிஎல்-1 தேவை, சில பரிசோதனைகளை இதயப் பாதிப்பின் அறிகுறி கண்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

மார்பகப் புற்றுநோயில் முயற்சி செய்யாமல் விடவில்லை. ஹோர்மோன் ஏற்கிற வகையில் பிசிஎல்-2 நிறையவே இருக்கும், விநோதம் என்னவென்றால் அந்த நோயில் பிசிஎல்-2 நிறைய இருப்பவர்கள் பொதுவாக நன்றாகவே தேறுகிறார்கள். ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற ஹோர்மோன் தடுப்பு ஊசியோடு வெனெட்டோக்ளக்ஸைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பரிசோதனையில் சேர்த்ததால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. புரதம் இருப்பது வேறு, கலம் அதை நம்பி இருப்பது வேறு.

குருதிப் புற்றுநோய்க்காரருக்கு மட்டும் அதிர்ஷ்டம் என்றும் சொல்ல முடியாது. மல்டிபிள் மயலோமாவும் குருதியோடு சேர்ந்த நோய்தான், அதில் வெனெட்டோக்ளக்ஸைச் சேர்த்தவர்களில் இறப்பு கூடியதால் 2019 இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. அதே நோயில் 11 ஆம், 14 ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறிய ஒரு பிரிவினருக்கு மட்டும் அது நன்றாக வேலை செய்தது. ஆகவே அம்மாவின் வைத்தியரிடம் கேட்க வேண்டியது "அந்தக் குளிசை உண்டா" என்று அல்ல. "அம்மாவின் கட்டி எந்த வகை, ஹோர்மோன் ஏற்கிறதா, ஹேர்-2 என்ற புரதம் கூடியிருக்கிறதா, அதற்கென்று குறிவைத்த மருந்துகள் எவை இங்கே கிடைக்கும்" என்று கேளுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அந்த வரிசையில் நல்ல மருந்துகள் பல இருக்கின்றன.

"கணவருக்கு சி.எல்.எல். என்ற குருதிப் புற்றுநோய். அந்தப் பெரிய மருந்தைத் தொடங்குகிறோம் என்று வாட்டில் படுக்க வைத்து, 20 மில்லிகிராம் குட்டிக் குளிசைகளைக் கொடுத்துவிட்டு ஆறு மணிக்கொரு தரம் என்பது போல இரத்தம் எடுக்கிறார்கள். வேலைக்கு லீவு, பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. முழு அளவை ஒரேயடியாகக் கொடுத்து அனுப்பினால் என்ன?" – தெஹிவளை

கொடுத்து அனுப்பினால் ஆளைக் கொல்லலாம் அக்கா. மிகைப்படுத்தவில்லை. தொடக்க காலப் பரிசோதனைகளில் அப்படி உயிர் போயிருக்கிறது.

சி.எல்.எல். கலங்கள் பிசிஎல்-2 இல் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருப்பவை. மருந்து பட்ட சில மணி நேரத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சாகும். செத்த கலங்களுக்குள் இருந்த பொட்டாசியம், பொஸ்பேற்று எல்லாம் ஒரே நேரத்தில் குருதிக்குள் கொட்டும், டி.என்.ஏ. உடைந்து யூரிக் அமிலமாகும். சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும். மருந்து நன்றாக வேலை செய்வதாலேயே வருகிற ஆபத்து இது. அதனால்தான் முதல் வாரம் 20 மி.கி., பிறகு வாரத்துக்கு வாரம் 50, 100, 200, ஐந்தாம் வாரம் 400 என்று ஏற்றுகிறார்கள். கட்டிகளின் பருமனை முதலில் மெதுவாகக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். முதல் குளிசைக்கு 6 முதல் 8 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் இரத்தம் பார்ப்பது கட்டாயம். ஆபத்துக் கூடியவர்களை வாட்டில் வைத்துக்கொள்வதும் அதற்குத்தான். யூரிக் அமிலத்தைக் குறைக்கிற அலோபியூரினோல் குளிசையை முன்னமே தொடங்கியிருப்பார்கள், அதை நிறுத்த வேண்டாம். தண்ணீர் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர், மருந்து தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே. கொழும்பு வெயிலுக்குக் கணக்குப் பார்க்காமல் குடிக்கலாம், இதய வைத்தியர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் இருவரையும் பேசவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த மருந்து 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்றதே சி.எல்.எல். நோய்க்குத்தான், அதிலும் 17 ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லாமல் போனவர்களுக்கு, அதாவது வழக்கமான கீமோவுக்குப் பெரும்பாலும் மசியாதவர்களுக்கு. காரணத்தைப் பாருங்கள்: தொலைந்த துண்டில் பி53 என்ற காவல் புரதத்துக்கான பரம்பரையலகு இருக்கிறது. கீமோ கலத்தின் டி.என்.ஏ.யைக் கெடுக்கும், அதைக் கண்டு "செத்துப்போ" என்று உத்தரவு போடுவது பி53. அது இல்லாத கலம் கீமோவைக் கண்டுகொள்ளாது. வெனெட்டோக்ளக்ஸ் அந்த உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை, அடுத்த படியில் நேரே கையை வைக்கிறது. அப்படிப்பட்ட 107 பேரைச் சேர்த்த பரிசோதனையில் 79 வீதமானோருக்கு நோய் இறங்கியது. இன்றைக்குச் சேர்க்கை மருந்தைப் பொறுத்து, ஒபினுடுசுமாப் என்றால் ஓராண்டு, ரிட்டுக்சிமாப் என்றால் இரண்டாண்டு என்று கொடுத்துவிட்டு நிறுத்தியும் விடுகிறார்கள்.

ஆனால் நிறுத்தாமல் ஆண்டுக்கணக்காக எடுத்தவர்கள் சிலரில் புற்றுநோய் பாடம் படித்துக்கொண்டது. 2019 இல், மறுபடி மெல்பேர்ன்காரர்கள்தான், கண்டது இது: பிசிஎல்-2 இல் 101 ஆவது இடத்தில் இருக்க வேண்டிய கிளைசின் என்ற அமினோ அமிலம் வேலினாக மாறியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் மருந்து பள்ளத்தில் ஒட்டும் பலம் ஏறத்தாழ 180 மடங்கு குறைந்துவிட்டது, பிம்மைப் பிடிக்கும் வேலை மட்டும் கெடவில்லை. எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். அப்படி வந்தாலும் வழி முடிந்ததாக ஆகாது, பி.ரி.கே. தடுப்பிகள் என்று வேறு பாதையை அடைக்கும் மருந்து வகை இருக்கிறது.

"கட்டு அனோதா (முள் சீத்தா) இலையை அவித்துக் குடித்தால் புற்றுக் கலம் தற்கொலை செய்யும், கீமோவை விட ஆயிரம் மடங்கு பலம் என்று பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையின் படமும் இருக்கிறது. குளிசையோடு சேர்த்துக் குடிக்கலாமா?" – மருதானை

குடிக்க வேண்டாம்.

படத்தில் இருந்தது பொய் ஆராய்ச்சியாக இருக்கத் தேவையில்லை. ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கிற புற்றுக் கலத்துக்கு மேல் மஞ்சள் சாறு ஊற்றினாலும் அதே மாதிரி சாகும், பச்சைத் தேயிலைச் சாறு ஊற்றினாலும் சாகும், உப்புத் தண்ணீரை வேண்டிய அளவு கெட்டியாக ஊற்றினாலும் சாகும். தட்டில் ஊற்றிய செறிவு, குடித்த பிறகு உங்கள் குருதியில் வருமா, வந்தால் நல்ல கலத்தை விட்டுவைக்குமா என்பதைத்தான் மருந்து என்று சொல்வதற்கு முன் காட்ட வேண்டும். அதைக் காட்டியவர் இல்லை. அப்புறம், அந்தச் செடியில் அனோனசின் என்றொரு பொருள் இருக்கிறது. கரீபியனில் குவாதலூப் தீவில் பார்க்கின்சன் போன்ற, ஆனால் வழக்கமான மருந்துக்குக் கேட்காத ஒரு நடுக்க நோய் அசாதாரணமாகக் கூடியிருந்ததை 1999 இல் வைத்தியர்கள் கவனித்தார்கள், இந்தச் செடியின் பழத்தையும் இலைத் தேநீரையும் அங்கே நிறையப் பாவிப்பதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். பழத்தை ஆசைக்கு எப்போதாவது சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, தினம் இலையை அவித்துக் குடிப்பது வேறு.

சேர்க்கை பற்றிக் கேட்டதால் இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெனெட்டோக்ளக்ஸை உடைத்து வெளியேற்றுவது ஈரலிலுள்ள சிப்-3ஏ என்ற நொதியம். அந்த நொதியத்தை அடைக்கிற எதைச் சாப்பிட்டாலும் மருந்து குருதியில் தேங்கி ஏறும். கிரேப்ஃபுரூட், மர்மலேட் செய்கிற கசப்புத் தோடை, காமரங்கா என்று பொரளைச் சந்தையில் குவித்து விற்கிற நட்சத்திரப் பழம் மூன்றும் கூடாது. கிரேப்ஃபுரூட்டின் தாய்வழிச் சொந்தமான ஜம்போலாவையும் நான் விலக்கத்தான் சொல்வேன். சாதாரண இனிப்புத் தோடம்பழம் பரவாயில்லை. பழத்தைவிட மோசம் பார்மசிக் குளிசைகள்: கிளரித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்ஸசின், ஃப்ளுகொனசோல், பிரஷருக்குக் கொடுக்கிற டில்டியசெம், வெரபமில். எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு கணக்கு: பொசகொனசோல் என்ற பூஞ்சண மருந்தோடு கொடுத்தால் 400 மி.கி. அளவை 70 மி.கி. ஆகக் குறைக்க வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபம்பிசின் இதற்கு எதிர்ப்பக்கம், தொடர்ந்து எடுத்தால் வெனெட்டோக்ளக்ஸைப் பயனில்லாமல் ஆக்கிவிடும். வீட்டுப் பக்கத்து ஜி.பி.யிடம் இருமலுக்குப் போனாலும் எடுக்கிற மருந்துகளின் பட்டியலைக் காட்டாமல் துண்டு வாங்காதீர்கள்.

"சாவைத் தடுக்கும் புரதங்களை அடைத்து வாய், தொண்டைப் புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து வருகிறது என்று சில வருடங்களுக்கு முன் படித்தேன். என் மாமா வெற்றிலை போடுகிறவர், கன்னத்தில் புண். அந்த மருந்து வந்துவிட்டதா?" – மட்டக்குளி

நீங்கள் படித்தது செவினபன்ட் ஆக இருக்கும். மேலே சொன்ன குடும்பம் அல்ல. ஐ.ஏ.பி. என்று வேறொரு காவல் கூட்டம் இருக்கிறது, கஸ்பேஸ் நொதியங்கள் உசும்பிய பிறகும் அவற்றைக் கட்டிப்போடுபவை. அவற்றை அடைத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சையும் கீமோவும் கொடுத்தால் கட்டி இலகுவாகச் சாகும் என்பது யோசனை. சிறிய பரிசோதனையில் அருமையாக இருந்தது. பெரிய பரிசோதனையில் பலன் வராது என்று தெரிந்து 2024 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். இந்தத் துறையில் இப்படி நடப்பது புதிதல்ல.

மருந்தை விடுங்கள், மாமாவின் புண்ணைச் சொல்லுங்கள். எத்தனை நாள்? இரண்டு வாரம் தாண்டியிருந்தால் வாய்முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு, அல்லது முதலில் பல் கிளினிக்குக்காவது, இந்த வாரமே கூட்டிப்போங்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். "புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்கும் வெற்றிலையும்தான்" என்று சொல்வார், தெரியும். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இலேயே புற்றுநோய்க் காரணி என்று முதல் வகுப்பில் போட்டுவிட்டது. ஆரம்பத்தில் கண்டால் வெட்டி எடுத்தே குணமாக்கலாம், எந்தப் புரதத்தையும் அடைக்கத் தேவையில்லை. கூச்சப்படுகிறவர் என்றால் பல்லுக் காட்டப் போவோம் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

"வெனெட்டோக்ளக்ஸை வெளிநாட்டிலிருந்து பாதி விலைக்கு எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். பெட்டி அச்சு அசலாக இருக்கிறது." – வத்தளை

பெட்டி அசலாக இருப்பது பெட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். வேறு நிறுவனம் செய்கிற பிரதி மருந்து என்பதாலேயே கூடாது என்று சொல்லமாட்டேன், ஒழுங்காகச் சோதித்த பிரதிகளால்தான் நம் நாட்டு வைத்தியசாலைகள் ஓடுகின்றன. யார் செய்தது, யார் சோதித்தது, வழியில் எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதற்கு யார் பொறுப்பு என்பதே பிரச்சினை. 2023 இல் இமியூனோகுளோபுலின் விவகாரத்தில் நாடே பார்த்ததுதானே. வைத்தியசாலை மருந்தாளரிடம் பெட்டியின் பெயரையும் உற்பத்தியாளரையும் சொல்லி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவில்லாத மருந்தைக்கூடக் குறிப்பிட்ட நோயாளிக்காக அனுமதி எடுத்து வரவழைக்க முறை இருக்கிறது, உங்கள் விசேட வைத்தியர் கடிதம் தர வேண்டும். அலைச்சல்தான். ஆனால் இந்த மருந்தின் அளவை 20, 50 என்று எண்ணி எண்ணி ஏற்றுகிறார்கள் என்று மேலே படித்தீர்களே, குளிசைக்குள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்றே தெரியாமல் அதை எப்படிச் செய்வது?

"காலையில் குளிசை போட மறந்துவிட்டால் இரவில் இரண்டாகப் போடலாமா? போட்டதும் வாந்தி எடுத்தால்?" – கிராண்ட்பாஸ்

இரண்டாகப் போடவே கூடாது. வழக்கமான நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் சாப்பாட்டோடு உடனே போடுங்கள். 8 மணி நேரம் தாண்டிவிட்டால் அன்றையதை விட்டுவிட்டு அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்குப் போடுங்கள். வாந்தி எடுத்தாலும் அன்றைக்கு இன்னொன்று வேண்டாம். அளவை ஏற்றிக்கொண்டிருக்கும் வாரங்களிலோ அதன் பிறகோ சில நாட்கள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் நீங்களாகத் தொடங்க வேண்டாம், கிளினிக்குக்கு கோல் எடுத்துக் கேளுங்கள், சில வேளை குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு முழுசாக விழுங்குங்கள், உடைக்கவோ மெல்லவோ வேண்டாம்.